பதிமூன்று டிகிரியில் ஆறு தார்

மே 6, செவ்வாய்

டாக்டரம்மா எழுதச் சொல்லிவிட்டார். தலைசுற்றல் எப்போது வருகிறது, அதற்கு முன்னால் எங்கே இருந்தேன், என்ன சாப்பிட்டேன், என்ன வேலை செய்தேன், எல்லாவற்றையும். "ஒண்ணு விடாம எழுதுங்க. எது தேவை, எது தேவையில்லன்னு நான் பாத்துக்கறேன்" என்றார். பொங்கலுக்கு உரக்கடையில் கொடுத்த டைரி உறை பிரிக்காமல் கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன்.

பெயர் மாதேஸ்வரி. வயது நாற்பத்தாறு. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மாங்காய் ஏற்றுமதி செய்யும் பேக்கிங் கூடத்தில் குளிர் அறைப் பொறுப்பு. பதினோரு வருடமாக அதே வேலை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். நான் மட்டும்தான். வீட்டுக்காரர் தவறி ஒன்பது வருடம் ஆகிறது.

இன்று வெளியே நாற்பத்தொன்று. உள்ளே பதிமூன்று. ஒரு நாளைக்கு இருபது தடவை இந்த இரண்டுக்கும் நடுவில் போய்வருகிறவளுக்குத் தலை சுற்றாமல் வேறு என்ன சுற்றும்? இதைச் சொன்னேன். அதையும் எழுதுங்கள் என்கிறார்.

பதிமூன்று ஏன் என்றும் எழுதிவிடுகிறேன், டாக்டருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. அதற்குக் கீழே போனால் மாங்காயின் தோல் கறுத்துவிடும். மேலே போனால் பழுத்துவிடும். காயாகவே கப்பல் ஏறி, அந்தக் கரையில் இறங்கிய பிறகுதான் பழுக்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை டிகிரி பார்த்து ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. பதினோரு வருடத்தில் என் கையில் ஒரு பெட்டி கெட்டதில்லை.

தலைசுற்றல்: இரண்டு தடவை. பகல் பன்னிரண்டரை, மூன்றே கால்.

மே 7, புதன்

வெயில் வந்தால் ஊருக்கே என் நினைப்பு வந்துவிடும். காலையில் பூக்காரம்மா இரண்டு கூடை மல்லியோடு கேட்டில் நின்றார், சாயங்காலம் வரை வைத்துக்கொடு என்று. முடியாது என்றேன். மதியம் மேனேஜர் வரதராஜன் சாரே ஒரு கேக் டப்பாவோடு வந்தார். மகளுக்குப் பிறந்தநாளாம். சார், இது மாங்காய்க்கான அறை, நீங்கள்தான் சுவரில் எழுதி ஒட்டச் சொன்னீர்கள் என்றேன். அசடு வழியச் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். கேக் உருகியிருக்கும். நான் என்ன செய்ய?

தலைசுற்றல்: ஒரு தடவை. காலையில் ராகிக்கூழ் குடித்தும் வந்தது.

மே 8, வியாழன்

திம்மராயன் லோடு வந்தது. நாலு டன் பங்கனபள்ளி.

இந்த மனிதரோடு எனக்கு வருடா வருடம் சண்டை. ஒரு காயைக் கழித்தால் அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து, இதுக்கு என்னாம்மா கொறச்சல் என்று ஆரம்பித்துவிடுவார். காம்பில் பால் வழிந்து தோலில் கறை விழுந்திருக்கிறது என்று காட்டினால், அது கறை இல்லை நெழலு என்பார். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, தோப்பை வைத்திருக்கிற நேர்த்தி வேறு யாருக்கும் வராது. மரத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு காய்க்கும் காகித உறை கட்டுகிறார். அவர் மனைவியின் தம்பி முனிராஜ் பூ விட்ட நாளிலிருந்து தோப்பிலேயே படுத்துக் காவல் காக்கிறார். நாலு வருடம் நடையாய் நடந்து, ஏற்றுமதி விவசாயிகள் பட்டியலில் போன வருடம்தான் பெயர் ஏறியது. பட்டியலில் இல்லாதவர்கள் காய் எல்லாம் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குத்தான் போகும்.

தஸ்லீமா காயை அழுத்திப் பார்த்து, வெட்டிப் பார்த்து, சர்க்கரை அளந்து சரி என்றாள். தரம் பார்க்கிற அதிகாரி அவள்தான். விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பெண், என்னை அக்கா என்பாள். கழுவி, வெந்நீரில் முக்கி, ஆறவிட்டு, பெட்டி போட்டு எல்லாம் இரண்டாம் நம்பர் அறைக்குள் போய்விட்டது. பதிமூன்றாம் தேதி கன்டெய்னர் வரும். இரண்டாம் நம்பர் சாவி என்னிடம் மட்டும்தான்.

தலைசுற்றல்: இல்லை. சண்டை போட்டால் வருவதில்லை போலிருக்கிறது.

மே 9, வெள்ளி

கன்டெய்னர் இருபதாம் தேதிதான் வருமாம். கப்பல் தாமதம். டிகிரி சரியாக இருந்தால் எனக்கென்ன கவலை.

மே 10, சனி

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பச்சையப்பன் அண்ணன் மகள் பூவிழிக்குப் பதினெட்டாம் தேதி கல்யாணம். நான் ஒரே அத்தை.

அண்ணி நலங்கு வைக்க யார் யார் என்று பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். ஏழு பேர். நான் தண்ணீர் குடிக்க எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். தாகம், அவ்வளவுதான். வெயில் அப்படி.

கிளம்பும்போது அண்ணன் வாசல் வரை வந்தான். தாம்பூலத்துக்கும் பந்திக்கும் பூவன் தார் தொட்டியம் பக்கத்திலிருந்து வருகிறது, ஆனால் வண்டி நாளைக்கே வந்துவிடும், இந்த வெயிலில் ஒரு வாரம் தாங்காது, சீப்பு உதிர்ந்துபோகும் என்றான். எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணா, நான் மேனேஜர் கேக்கையே உள்ளே விடவில்லை என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். "கல்யாணத்துல உனக்குன்னு ஒரு பொறுப்பு வேணாமா மாதேசு? தாரு உன் பொறுப்புன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

எல்லாரிடமும் சொல்லிவிட்ட பிறகு நான் என்ன செய்ய முடியும்?

தலைசுற்றல்: பஸ்ஸில் ஒரு தடவை.

மே 11, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஆள் இல்லை. டிகிரி பார்க்க நான் மட்டும் போகவேண்டும், போனேன். அண்ணன் டெம்போவில் ஆறு தார். காய்தான் வரும் என்று சொன்னான், வந்தது செங்காய். இரண்டு தாரில் மேல் சீப்பு மஞ்சளாகவே இருந்தது. இரண்டாம் நம்பரில் பின்சுவர் ஓரம், பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் நிற்கவைத்துத் தார்ப்பாய் போட்டேன். மாங்காய்ப் பெட்டியில் படவே இல்லை, நடுவில் மூன்று அடி இடம் இருக்கிறது. ஆறு நாள்தான்.

ரிஜிஸ்டரில் டிகிரிக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது. தாருக்குக் கட்டம் இல்லை.

டிகிரி 13.1. தலைசுற்றல்: இல்லை.

மே 13, செவ்வாய்

வெளியே நாற்பத்திரண்டு. உள்ளே 13.0. கழுவுகிற இடத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள், மோர் கொடுத்து உட்காரவைத்தோம். எனக்கு இரண்டு தடவை சுற்றியது. புளிச்சோறு சாப்பிட்டிருந்தேன்.

மே 15, வியாழன்

தார்களைத் திருப்பி வைத்தேன். நன்றாகப் பதமாகிக்கொண்டு வருகின்றன. ஒரு காய்கூட உதிரவில்லை. கதவைத் திறந்ததும் இனிப்பாக ஒரு வாசனை. கல்யாண வீட்டு வாசனை. இரண்டு நிமிடம் சும்மா நின்றேன்.

டிகிரி 13.2. தலைசுற்றல்: ஒரு தடவை, அந்த இரண்டு நிமிடம் முடிந்து வெளியே வந்தபோது.

மே 17, சனி

காலை ஆறு மணிக்கு டெம்போ வந்து தார்களை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அறையைக் கூட்டித் துடைத்தேன். ஒரு காம்புகூட விடவில்லை. அரை நாள் லீவு. நாளை வரை டிகிரியைத் தஸ்லீமா வெளியே இருக்கிற மெஷின் மீட்டரில் பார்த்து எழுதுவாள்.

மே 18, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது.

முகூர்த்த நேரத்தில் நான் மண்டபத்துச் சாமான் அறையில் இருந்தேன். தாரைச் சீப்புச் சீப்பாக அறுத்துத் தாம்பாளத்தில் வைக்க வேண்டும், அதை வேறு யாரிடமும் விட முடியாது. மேளச் சத்தம் வைத்து இப்போது தாலி கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அட்சதையை அந்த அறையிலேயே போட்டேன்.

பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா பழத்தை உரித்துப் பார்த்துவிட்டு, இந்த வெயிலில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் எப்படி வைத்திருந்தீர்கள், தார் யார் பார்த்தது என்று கேட்டாராம். அண்ணன் சாமான் அறை வாசலுக்கே அவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். "எந்தங்கச்சி பாத்தது. மாங்கா கம்பெனியில பெரிய பொறுப்புல இருக்குது" என்றான். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கையில் இருந்த கத்தியோடு கும்பிட்டேன்.

அண்ணி ஒரு சீப்பும் கொஞ்சம் லட்டும் கட்டிக்கொடுத்தாள். எந்தங்கச்சி பாத்தது என்று எல்லார் முன்னாலும் சொன்னான். பெரிய பொறுப்பு என்றும் சொன்னான்.

தலைசுற்றல்: இல்லவே இல்லை.

மே 20, செவ்வாய்

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை.

காலை எட்டு மணிக்குக் கன்டெய்னர் வந்து நின்றது. தஸ்லீமா கடைசியாக ஒரு பெட்டி பிரித்துப் பார்ப்பாள், வழக்கம். பிரித்தவள் அப்படியே நின்றாள். இன்னொரு பெட்டி, இன்னொன்று. எல்லாம் நிறம் மாறியிருந்தது. காம்புப் பக்கம் மஞ்சள், சிலது முழுக்க மஞ்சள். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. நாலு டன்னும்.

டிகிரி 13.1. நான் கண்ணாலேயே பார்த்தேன், அவளும் பார்த்தாள். பன்னிரண்டு நாள் ரிஜிஸ்டரையும் புரட்டினாள். எங்கேயும் 13.3-க்கு மேல் இல்லை. அப்புறம் எப்படி? பதிமூன்றில் மாங்காய் பழுக்காது. பழுக்கவே பழுக்காது. பதினோரு வருடமாகப் பழுக்கவில்லை.

கன்டெய்னரை முதல் அறைக் காயோடு பாதி காலியாக அனுப்பினார்கள்.

தலைசுற்றல்: எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

மே 21, புதன்

நான்தான் தப்பாக எழுதினேனோ? தலை சுற்றும்போது பதினெட்டைப் பதிமூன்று என்று படித்திருப்பேனோ? ஆனால் மெஷினுக்குள்ளும் ஒரு கணக்கு பதிவாகிறது, தஸ்லீமா அதையும் எடுத்துப் பார்த்துவிட்டாள். நான் எழுதியதும் அதுவும் ஒன்றுதான்.

மத்தியானம் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, உள்ள வேற பழம் ஏதாவது இருந்துச்சா?"

இல்லையே என்றேன்.

அவள் ஸ்டாக்கைப் பற்றித்தான் கேட்டாள். அது ஸ்டாக் இல்லை, சீர் சாமான். அதுவும் நாலு நாள் முன்னாலேயே போய்விட்டது. இப்போது உள்ளே இல்லாத ஒன்றை இருந்தது என்று சொல்லி அவளைக் குழப்புவானேன்.

மே 22, வியாழன்

மேனேஜர் முடிவுக்கு வந்துவிட்டார். டிகிரி சரி, அறை சரி, ஆகவே காயில்தான் கோளாறு. திம்மராயன் பறித்ததும் கார்பைடு கல் வைத்துவிட்டுக் கொண்டுவந்திருக்கிறார், நிறம் வரட்டும் என்று. இதுதான் அவர் சொல்வது. ஏற்றுமதிக் காய்க்கு எவனாவது நிறம் வர கல் வைப்பானா, நிறம் வந்தால் கழித்துவிடுவோமே என்று தஸ்லீமா கேட்டாள். வெளியூர் மார்க்கெட்டுக்கு வைத்ததில் கலந்துபோயிருக்கும் என்றார்.

திம்மராயன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கக் கடிதம் தயாராகிறது. ஒரு தடவை கல் வைத்தான் என்று எடுத்துவிட்டால் வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது. கடிதத்தோடு என்னுடைய ஒரு வாக்குமூலமும் வேண்டுமாம். டைப் அடித்து வைத்திருந்தார்கள். 'அறை எண் இரண்டில் மேற்படி மாங்காய் தவிர வேறு எந்தப் பொருளும் வைக்கப்படவில்லை.' கையெழுத்துப் போட்டேன். ஒரு நாளைக்கு இருபது கையெழுத்துப் போடுகிற கை, அதுபாட்டுக்குப் போட்டது.

தஸ்லீமா அவர் தோப்புக்கே போய்ப் பத்துக் காய் பறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஐந்தை முதல் அறையில் சோதனைக்கு வைத்தாள். ஊறுகாய் போடுங்கள் என்று மீதி ஐந்தை எனக்குக் கொடுத்தாள். வீட்டில் மூன்றை வாழைப்பழம் இருக்கிற கூடையில் போட்டு, ஈ மொய்க்காமல் தட்டு போட்டு மூடினேன். இரண்டுக்கு இடம் இல்லை, அரிசி டிரம் மேலே வைத்தேன்.

தலைசுற்றல்: கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு தடவை. சாப்பிடவில்லை, அதனால் இருக்கும்.

மே 23, வெள்ளி

ஐஸ் கட்டியை டம்ளரில் போட்டு, அறைத் தெர்மாமீட்டரை அதில் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பூஜ்யம் காட்டியது. கதவு ரப்பரில் காகிதம் செருகி இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாக இருக்கிறது. விசிறி ஓடுகிறது. உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி எல்லாப் பெட்டிக்கும் அனுப்புகிறது, மூலை முடுக்கு விடாமல். எல்லாம் சரியாக இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும்போது இப்படி ஆனால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

மே 24, சனி

ஊறுகாய் போட நேரம் இல்லை. திம்மராயன் தோப்பில் போலீஸ் வந்ததாக ஒரு பேச்சு. போலீஸ் எல்லாம் இல்லை, ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்களாம். பஸ் ஸ்டாப்பில் ஒருவன் அவரைக் கல்லு மாங்கா என்று கூப்பிட்டதாகப் பேக்கிங் பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள். நான் அதட்டினேன். ஏன் இவ்வளவு கோபம் என்று அவர்களுக்குப் புரியவில்லை, எனக்கும்தான்.

மே 26, திங்கள்

கூடையைத் திறந்தேன். மூன்று மாங்காயும் மஞ்சள். வாசனை தூக்குகிறது.

வெயில்தான். வீட்டுக்குள்ளேயே முப்பத்தெட்டு டிகிரி.

டிரம் மேல் இருந்த இரண்டும் பச்சையாகவே இருக்கின்றன. அவையும் அதே வெயிலில்தான் இருந்தன.

அண்ணி கொடுத்த சீப்பில் நாலு பழம் மீதி, தோல் கறுத்துக் கிடந்தது. அவற்றை எடுத்துக் குப்பையில் போட்டேன். பிறகு குப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதில் எங்கள் வீட்டில் காய்க்கு நடுவில் ஒரு பழுத்த பழத்தை வைத்து மூடுவார்கள், சீக்கிரம் பழுக்கும் என்று. அது மாம்பழம். மாங்காய்க்கு நடுவில் மாம்பழம். வாழைப்பழம் யாரும் வைத்துப் பார்த்ததில்லை. தவிர, அறையில் பதிமூன்று டிகிரி. மூன்று அடி இடம் வேறு விட்டிருந்தேன்.

ஆனால் விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

தஸ்லீமாவிடம், முதல் அறையில் வைத்த ஐந்து காய் எப்படி இருக்கிறது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். கல்லு மாதிரி இருக்கு அக்கா, ஒரு மாற்றமும் இல்லை என்றாள்.

தலைசுற்றல்: இன்று எதற்குப் பெயர் தலைசுற்றல் என்றே தெரியவில்லை.

மே 27, செவ்வாய்

திம்மராயன் வந்தார். மேனேஜர் பார்க்க மறுத்துவிட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானும் வரிந்து கட்டிக்கொண்டு போனேன்.

சண்டை போடவில்லை. நான் கையெழுத்துப் போட்ட தாளின் நகல் அவர் சட்டைப் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்காமல் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மேனேஜர் சொன்னப்ப நான் நம்பல. அந்தாளு வாய்க்கு வந்தத பேசுவாரு. உங்கையெழுத்த பாத்தப்புறந்தாம்மா எனக்கு உசிரே போச்சி. நீ ஒரு காயில ஊசி முனையளவு கற இருந்தாலும் எம்மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு. நீ ரூம்புல ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல. அப்ப எந்தோப்புலதான் எவனோ கல்லு வெச்சிருக்கான்."

நான் இடுப்பிலிருந்த சாவியைப் பிடித்துக்கொண்டேன்.

"தோப்புல படுத்துனு இருந்தவன் என் மச்சான் ஒருத்தன்தான். கேட்டேன். இல்ல மாமான்னு கால்ல வுழுந்தான். அடிச்சிட்டேம்மா. தடியால அடிச்சிட்டேன். ஆந்திரா பக்கம் குப்பத்துக்கே போய்ட்டான் அவுங்கம்மா வூட்டுக்கு. எம்பொண்டாட்டி எங்கிட்ட பேசி நாலு நாளாவுது." பிறகு, "நீ சொல்லு, அவன்தானே வெச்சிருப்பான்?" என்றார்.

வேலை இருக்கிறது அண்ணா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இரண்டாம் நம்பர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காலியாக இருந்தது. டிகிரி 13.0. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மே 28, புதன்

கத்திரி இன்றோடு முடிகிறதாம். ஒன்றும் குறையக் காணோம்.

மே 29, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் தஸ்லீமா கை கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று, "உள்ள வாழத்தாரு இருந்துச்சும்மா" என்றேன். குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். எத்தனை என்றாள். ஆறு என்றேன். காயா பழமா என்றாள். செங்காய், இரண்டில் பழம் என்றேன். எத்தனை நாள் என்றாள். ஆறு நாள். அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

பழுக்கிற வாழைப்பழம் ஒரு வாயுவை விடுமாம். எத்திலீன். மணமில்லை, கண்ணுக்குத் தெரியாது. மூடின அறையில் துளி இருந்தால் போதும், பக்கத்தில் இருக்கிற காய்க்கு எல்லாம் பழுக்கிற நேரம் வந்துவிட்டது என்று தோன்றிவிடுமாம். குளிர் அதை மெதுவாக்கும், நிறுத்தாது. நான் பதினோரு வருடமாகக் குளிர் ஒன்றுதான் காவல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் கேட்டேனே அக்கா" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எந்தத் தேதி உள்ளே போனது, எந்தத் தேதி வெளியே வந்தது, அதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லாவிட்டால் மேனேஜர் ஒப்புக்கொள்ள மாட்டார், திம்மராயனைக் காப்பாற்ற நான் கதை விடுகிறேன் என்பார். ரிஜிஸ்டரில் இல்லை என்றேன். டாக்டருக்கு எழுதுகிற நோட்டில் இருக்கிறது என்றேன்.

பதினோராம் தேதியும் பதினேழாம் தேதியும் போதும், போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பதினெட்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பாமல் எடுக்கச் சொன்னேன். பிறகு நானே முழு நோட்டையும் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, மேனேஜரிடம் காட்டிவிட்டுச் சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாள். கண் சிவந்திருந்தது.

மே 30, வெள்ளி

மேனேஜர் ஒரு மணி நேரம் கத்தினார். கேக் விஷயத்தையும் விடவில்லை. நியாயம்தான். திம்மராயன் மேல் எழுதின கடிதத்தைக் கிழித்துப் போட்டார், பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும். இரண்டாம் நம்பர் சாவியை வாங்கிக்கொண்டார். திங்கள் முதல் நான் காய் கழுவுகிற இடத்துக்கு.

அண்ணனுக்குப் போன் செய்து நானே சொன்னேன். முழுதும் கேட்டான். பிறகு, "இத ஏன் வெளிய சொன்ன? சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா நம்ம தாரப் பத்தி என்ன பேசுவாங்க?" என்றான். அந்தத் தார் நன்றாகத்தானே இருந்தது அண்ணா என்றேன். வைத்துவிட்டான்.

சாயங்காலம் திம்மராயன் வந்தார். முகத்தில் துப்புவார் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

"எந்த மூஞ்சிய வெச்சினு நான் மச்சான கூப்புடுவேன்? நான் சொன்னா நம்ப மாட்டான். நீ எழுதி வெச்சிருக்கியாமே. அத எடுத்துனு நீ வா."

ஜூன் 1, ஞாயிறு

குப்பம் போய்வந்தோம். பஸ்ஸில் அவர் முன் சீட்டில், நான் பின்னால். நோட்டு மடியில் இருந்தது.

முனிராஜ் வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. இடது முழங்கைக்கு மேல் வீக்கம் இன்னும் வடியவில்லை. நான் தரையில் உட்கார்ந்து படித்தேன். பதினோராம் தேதி, பதினைந்து, இருபத்தொன்று, இருபத்திரண்டு. எதையும் மாற்றாமல் அப்படியே. பதினெட்டாம் தேதியை விட்டுவிடலாம் என்று நினைத்தேன், விடவில்லை. அட்சதை போட்ட இடத்தையும் படித்தேன். கையெழுத்துப் போட்டது நான்தான் தம்பி, அடி வாங்கினது நீ என்று கடைசியில் சொன்னேன். அது நோட்டில் இல்லை.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"கல்யாணம் நல்லபடியா நடந்துச்சாக்கா?" என்றார்.

நடந்துச்சுப்பா என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரர் போனபோதுகூட இப்படி அழுததாக நினைவில்லை. முனிராஜின் அம்மா ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திம்மராயன் வாசல் வெயிலிலேயே நின்றார். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, அவரும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து முனிராஜ் எழுந்து, நல்ல கையால் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தலைசுற்றல்: கவனிக்கவில்லை.